பதிலைப் பார்க்க முதல்

போன சனிக்கிழமை பெறாமகள் பேராதனையிலிருந்து வந்திருந்தாள். பல் மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருடம். வெள்ளவத்தைக்கு வந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அவளுடைய படிப்பு மேசை. காலை எட்டு மணிக்கு லப்டொப்பைத் திறந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருந்தவள், பதினொன்றரைக்கு "முடிஞ்சுது சின்னம்மா" என்று எழும்பினாள்.

"என்னம்மா முடிஞ்சது?"

"மேல் கடைவாய்ப்பல் முழுக்க. எல்லா ஸ்லைட்டும் பார்த்திட்டன். வீடியோவும் ரெண்டு தரம் பார்த்தனான்."

நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு, மேசையில் கிடந்த கரண்ட் பில்லைத் திருப்பிப் போட்டுப் பேனையைக் கொடுத்தேன். "லப்டொப்பை மூடு. மேல் முதலாம் கடைவாய்ப்பல்லைக் கடிக்கிற பக்கத்தால பார்க்கிற மாதிரிக் கீறு. வேர்க்குழாய் வாசல்களைப் புள்ளியாப் போடு."

பல்லின் நரம்பு வேருக்குள் இறங்கும் குழாய்களின் வாசல்கள் அவை. சதுரம் மாதிரி ஒன்றைக் கீறி மூன்று புள்ளி போட்டாள். எது கன்னப் பக்கம், எது அண்ணப் பக்கம் என்று கேட்டேன். பேனை நின்றுவிட்டது. நான்காவது புள்ளியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கன்னப் பக்கத்து முன்வேரில் இரண்டாவதாக ஒரு குழாய் ஒளிந்திருக்கும். எம்.பி. டூ என்று சொல்வோம். பாதிக்கும் மேற்பட்ட பற்களில் அது உண்டு. அதைத் தவறவிட்டு வேரை அடைத்தால் அந்தப் பல் சில மாதத்திலோ சில வருடத்திலோ வலியோடு திரும்பி வரக்கூடும்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆனா நான் எல்லாம் பார்த்தனான் சின்னம்மா" என்றாள். பொய் சொல்லவில்லை. மூன்றரை மணித்தியாலம் அந்தத் திரையை விட்டு அவள் கண் எடுக்கவில்லை. அந்தப் "பார்த்தனான்" என்ற சொல் இரண்டு நாளாக என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பேராதனைக்குப் போனது 2003இல். இலங்கையில் பல் மருத்துவப் படிப்பு 1943இல் இங்கே கொழும்பு மருத்துவ பீடத்தில்தான் தொடங்கியது. ஐம்பதுகளில் அது பேராதனைக்குப் போனது. எங்கள் காலத்தில் பல் வைத்தியராக வேண்டுமென்றால் கொழும்புப் பிள்ளையும் கண்டி ரயில் ஏறத்தான் வேண்டும். நான் உயர்தரம் வரை தமிழில் படித்தவள். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் மிளிரி, பன்முதல் என்று படித்த இரண்டும் அங்கே எனாமல், டென்டின் ஆயின. அவை பரவாயில்லை, எப்படியும் காதில் விழுந்த சொற்கள். மற்றவைதான் பாடுபடுத்தின. விரிவுரையாளர் மூன்றாவது வசனத்துக்குப் போகும்போது நான் முதலாவது வசனத்தில் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். "லமினா டியூரா" என்று அவர் சொன்னதை விளங்கின அளவில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தது இன்றைக்கும் என் பழைய கொப்பியில் இருக்கிறது. எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றித் தெரியும் மெல்லிய வெள்ளைக் கோடு அது. அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அந்த ஒரு சொல்லால் மிச்ச விரிவுரை முழுக்கப் போய்விட்டது.

பின்னேரத்தில் கணினி அறைக்குப் போவேன். சில பாடங்களுக்கு இறுவட்டுகள் இருந்தன. ஒரு கணினிக்கு இரண்டு பேர், சில நேரம் மூன்று பேர். அங்கேதான் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், நாலு தரம், ஐந்து தரம். எழுத்தைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், நிறுத்தினேன், பின்னுக்குப் போனேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தமிழிலோ சிங்களத்திலோ படித்துவிட்டு ஆங்கில விரிவுரைக்குள் போய் விழுந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, ஆங்கிலத்திலேயே படித்து வந்தவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. கணினியால் படிப்பது நல்லதா கெட்டதா என்று யாராவது விவாதம் தொடங்கினால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நிறுத்தற் பொத்தான்தான். வெட்கப்படாமல் ஒரு சொல்லை ஐந்து தரம் கேட்கலாம்.

அந்த இறுவட்டுகளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. எலும்புக்குள் முளைக்காமல் கிடக்கும் வேட்டைப்பல்லை எக்ஸ்ரேயில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பற்றியது. எக்ஸ்ரே எடுத்தால் ஆழம் போய்விடும், எல்லாம் ஒரே தட்டை. அந்தப் பல் முன்பற்களின் வேருக்கு உள்ளே அண்ணப் பக்கம் கிடக்கிறதா, வெளியே உதட்டுப் பக்கம் கிடக்கிறதா என்று ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு படம் எடுக்க வேண்டும். குழாய் போன பக்கமே பல்லும் போனால் அது உள்ளே. எதிர்ப்பக்கம் போனால் வெளியே. கண்டி ரயிலில் யன்னலோரம் இருந்தவர்களுக்குத் தெரியும்: பக்கத்து மரம் பின்னுக்கு ஓடும், தூரத்து மலை கூடவே வரும். அதே கணக்கு. உள்ளே கிடக்கும் பல்தான் தூரத்து மலை.

விரிவுரையில் இதை மூன்று தரம் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. இந்த இறுவட்டில் குழாயை நாமே மவுஸால் இழுக்கலாம். இழுத்தவுடன் இரண்டாவது படம் வரும். வந்தவுடன் ஒரு கேள்வி: உள்ளேயா, வெளியேயா? ஒன்றை அழுத்தும்வரை அது அசையாது. பதிலும் காட்டாது, அடுத்த பக்கமும் திறக்காது. முதல் ஏழு பற்களில் நான்கு பிழை விட்டேன். எட்டாவதிலிருந்து பிழை விடவில்லை. அந்த விஷயம் இன்றுவரை என்னை விட்டுப் போகவுமில்லை. மற்ற இறுவட்டுகளில் பார்த்த எத்தனையோ அழகான படங்களில் இன்று ஒன்றாவது ஞாபகத்தில் இல்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல என்று பிறகுதான் வாசித்தேன். 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு சிறு கட்டுரையைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதைத் திரும்பவும் வாசித்தார்கள். மற்றவர்கள் திரும்ப வாசிக்காமல், ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள். என் பெறாமகள் பதினொன்றரைக்கு "முடிஞ்சுது" என்று சொன்னது அந்த ஐந்து நிமிட நம்பிக்கை. அவளைக் குறை சொல்லவில்லை. திரை அப்படித்தான் நம்ப வைக்கும். கண்ணுக்குப் பழகினது கைக்கும் தெரிந்த மாதிரி இருக்கும்.

ஒரு இறுவட்டினால் நான் பிழையாகப் படித்ததும் உண்டு. அது அமெரிக்கத் தயாரிப்பு. நாங்கள் பற்களுக்கு இலக்கமிடுவது எஃப்.டி.ஐ. முறையில். வாயை நான்காகப் பிரித்து, முதல் இலக்கம் பகுதியையும் இரண்டாவது இலக்கம் பல்லையும் சொல்லும். 16 என்றால் மேல் வலது முதலாம் கடைவாய்ப்பல். அமெரிக்காவில் மேல் வலது ஞானப்பல்லில் தொடங்கி ஒன்றிலிருந்து 32 வரை நேரே எண்ணுவார்கள். அங்கே 16 என்றால் மேல் இடது ஞானப்பல். வாயின் மற்றப் பக்கம்! இரண்டு கிழமை அந்த இறுவட்டோடு தனியே இருந்து படித்துவிட்டு, வாய்மொழிச் சோதனையில் ஒரு பல்லைக் காட்டிக் கேட்டபோது பிழையான இலக்கத்தைத் துணிந்து சொன்னேன். சோதனை அறையில் அது ஒரு புள்ளியோடு போயிற்று. பல் பிடுங்கும் கதிரையில் என்றால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும். இரண்டு கிழமையில் ஒரு நாளாவது பக்கத்தில் இருந்த ஒருவரிடம் "இது சரியா" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

சுயமாகக் கற்பது என்றால் தனியே கற்பது என்றுதான் எங்களில் நிறையப் பேர் விளங்கி வைத்திருக்கிறோம். இந்தக் கருத்தைப் பரவலாக்கிய அமெரிக்கக் கல்வியாளர் மல்கம் நோல்ஸ் 1975இல் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு என்ன தெரியாது என்று கண்டுபிடிப்பது, எதை அடைய வேண்டுமென்று தீர்மானிப்பது, அதற்கானதைத் தேடுவது, கடைசியில் அடைந்தேனா என்று பார்ப்பது, இவற்றில் முன்கை எடுப்பவர் மாணவராக இருக்க வேண்டும் என்றார். மற்றவர்களின் உதவியோடோ உதவி இல்லாமலோ, என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த "உதவியோடோ" என்ற சொல்லை நாங்கள் கைவிட்டுவிட்டோம். லப்டொப்பையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டு "சுயமாகப் படியுங்கோ" என்று பிள்ளையை விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் கோபமே வருகிறது. தனக்கு எது தெரியாது என்பதைத் தானே கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. அதைப் போய் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் தனியாக ஒப்படைக்கிறோம்.

படிப்பு முடித்துக் கொழும்பில் வேலை தொடங்கிய முதல் மாதங்களில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

ஒரு இளைஞர் பல் சுத்தம் செய்ய வந்தார். பல் முரசில் மண்ணிறப் பட்டை ஒன்று, முன்பற்களின் மேலே வரிசையாக. எனக்குப் பதற்றம். குறிப்பில் எழுதி, மேல் வைத்தியரிடம் கொண்டு போனேன். அவர் அந்த இளைஞரின் வாயைப் பார்த்துவிட்டு என்னிடம் கைக்கண்ணாடியைத் தந்தார். "உங்கட முரசைப் பாருங்கோ டொக்டர்." பார்த்தேன். அதே மண்ணிறம். எங்கள் தோலில் இருக்கும் அதே நிறப்பொருள்தான் முரசிலும் இருக்கிறது, நோயே இல்லை. ஆனால் நான் படித்த இறுவட்டுகளிலும் இணையத்தளங்களிலும் ஆரோக்கியமான முரசு என்றால் இளஞ்சிவப்பு. எல்லாப் படத்திலும் இளஞ்சிவப்பு. இருபத்தைந்து வருடமாக என் வாயில் இருந்ததை விட்டுவிட்டுத் திரையில் இருந்ததை நம்பியிருக்கிறேன்.

அதே மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ஆச்சி வந்தார். கீழ்ப் பல்லில் நோ. வாயைத் திறக்கச் சொன்னேன், இரண்டு விரல் அளவுதான் திறந்தது. வலியால் திறக்கவில்லை என்று நினைத்தேன். "உறைப்புச் சாப்பிட ஏலாது பிள்ளை, எரியுது" என்றும் சொன்னார். சூத்தைப் பல்லைக் குறித்து, மருந்து எழுதி அனுப்பிவிட்டேன். மருந்து வரிசையில் நின்றவரை மேல் வைத்தியர் தற்செயலாகப் பார்த்துத் திரும்பக் கூப்பிட்டார். கன்னத்தின் உட்பக்கத்தில் விரலை வைத்துத் தடவினார். பிறகு என் விரலை வைக்கச் சொன்னார். தோலுக்குக் கீழே கயிறு மாதிரி இறுகிய பட்டிகள். கன்னத்தின் உட்பக்கம் வெளிறிக் கிடந்தது. ஐம்பது வருடப் பாக்கு. வாய் இறுகிக்கொண்டே வரும் இந்த நோய் புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்டுவிட்டது. இலங்கை ஆண்களிடம் மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். இந்த நாட்டில் பல் வைத்தியரின் கண்ணில் படாமல் போகக் கூடாதது ஒன்று இருந்தால் அது இதுதான். என் கண்ணில் பட்டும் போய்விட்டது.

அந்த நோயின் படத்தை நான் பார்த்திருக்கிறேன். பலமுறை. ஆனால் பார்த்த படங்களுக்கெல்லாம் கீழே பெயர் எழுதியிருந்தது. பெயர் எழுதாத வாய் ஒன்று வந்து முன்னால் திறந்தபோது எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்துதான் படம் சேர்க்கத் தொடங்கினேன். நோயாளியிடம் கேட்டு, சம்மதம் எழுதி வாங்கி, முகம் தெரியாமல், வாய்க்குள் மட்டும். இன்றைக்கு 140க்குக் கிட்ட இருக்கிறது. எங்கள் ஆட்களின் வாய்கள்: மண்ணிற முரசு, வெற்றிலைக் கறை, பீடி குடித்து வெளுத்த அண்ணம், ஆறு வயதில் முளைத்து எட்டு வயதில் சூத்தையான முதலாம் கடைவாய்ப்பல். பாதிப் படங்களில் நோயே இல்லை. வேண்டுமென்றுதான் சேர்த்தேன். எல்லாப் படத்திலும் நோய் இருந்தால் பிள்ளைகள் நோயைத் தேடப் பழகுவார்கள், வாயைப் பார்க்கப் பழக மாட்டார்கள்.

படத்தின் கீழ் பெயர் கிடையாது. மூன்று கேள்வி. என்ன தெரிகிறது என்று சொந்தச் சொல்லில் எழுத வேண்டும், நான்கில் ஒன்றைத் தெரிவதெல்லாம் இல்லை. இப்போது என்ன செய்வீர்கள்? எவ்வளவு உறுதி? மூன்றுக்கும் எழுதின பிறகுதான் அடுத்த பக்கம் திறக்கும். மூன்றாவது கேள்வியை மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் மென்பொருளிலிருந்து எடுத்துக்கொண்டேன். லண்டன் யூனிவர்சிற்றி கொலிஜில் உருவான முறை அது. மிக உறுதி என்று சொல்லிச் சரியாக இருந்தால் மூன்று புள்ளி, பிழையாக இருந்தால் ஆறு புள்ளி குறையும். உறுதியில்லை என்று சொல்லிச் சரி வந்தால் ஒன்று, பிழைத்தால் ஒன்றும் குறையாது. முதலில் இது கொடுமை மாதிரித் தெரியும். ஆனால் பல் வைத்தியத்தில் உண்மையான ஆபத்து மிக உறுதியாகச் சொல்லிப் பிழை விடுவதில்தான் இருக்கிறது. தெரியாது என்று தெரிந்தவர் இன்னொருவரைக் கேட்பார். ஆச்சிக்கு மருந்து எழுதின அன்றைக்கு நான் மிக உறுதியாக இருந்தேன்.

புதன்கிழமைகளில் நாலு மணிக்குப் பிறகு இளம் வைத்தியர்கள் மூன்று நாலு பேர் இருந்து அதைச் செய்வார்கள். தனித்தனியாக, அவரவர் போனில். பிறகு எல்லாரும் சேர்ந்து பிழைகளைப் பேசுவோம். மட்டக்களப்புப் பையன் ஒருவன் இருக்கிறான், மாத்தறைப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். மூன்று மொழியும் கலந்துதான் பேச்சு. கணினி இருபது நிமிடம், பேச்சு ஒரு மணித்தியாலம். அந்த இருபது நிமிடம் இல்லாவிட்டால் இந்த ஒரு மணித்தியாலம் இல்லை. எல்லாரும் ஏற்கெனவே ஒரு பதிலில் கையெழுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்களே!

கைவேலையைப் பற்றி நான் வேறு மாதிரித்தான் சொல்வேன். 2020இல் எல்லாம் மூடிக் கிடந்தபோது பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் என்ற கணினி வலையமைப்பு அவற்றுக்குச் சூம் வசதியை இலவசமாகக் கொடுத்தது. பெரிய உதவி. பாடம் நடந்தது. கை நடக்கவில்லை. சூத்தையை மெல்லச் சுரண்டும்போது பழுதான டென்டின் தோல் மாதிரி உரிந்து வரும், நல்ல டென்டினில் கருவி பட்டால் கீறும் சத்தம் கேட்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது விரலுக்குத்தான் தெரியும். கீழ்த்தாடை நரம்புக்கு மரத்துப்போக ஊசி போடும்போது இரண்டு, இரண்டரை சென்றிமீற்றர் போய் எலும்பில் முட்டுகிற அந்த உணர்வும் அப்படித்தான். ஒல்லாந்தில் சிமோடொன்ட் என்று ஒரு இயந்திரம் செய்திருக்கிறார்கள். திரையில் பல்லைக் கடைந்தால் கையில் அந்தத் தடை தெரியும். எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் வாங்கிக் கொடுக்கக்கூடிய விலை அல்ல. 1894இல் கிளாஸ்கோவில் ஒஸ்வால்ட் ஃபேர்கஸ் பல் வேலை பழகுவதற்கென்று செய்த பொம்மைத் தலையின் வாரிசுகள்தான் இன்றைக்கும் எங்களுக்கு வழி. அதற்கும் முதல் மெழுகுக் கட்டியும் சவர்க்காரமும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் சவர்க்காரத்தில் பல் செதுக்கிப் பழகின பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு பெறாமகளுக்கு என் படங்களில் பத்தைக் கொடுத்தேன். ஏழாவது படம் அந்த ஆச்சியின் கன்னம். அவர் திரும்பி வந்தபோது, கேட்டு எடுத்தது. அவள் நெடுநேரம் பார்த்தாள். "வெளிறிக் கிடக்கு" என்று எழுதினாள். பெயர் எழுதவில்லை. இப்போது என்ன செய்வீர்கள் என்பதற்கு, "வாய் எவ்வளவு திறக்குது என்று அளப்பன், விரலால தடவிப் பார்ப்பன், பாக்குப் போடுறவவா என்று கேட்பன்." உறுதி: இல்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தைத் திறக்கச் சொன்னேன்.

ஞாயிறு பின்னேரம் கோட்டையில் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ரயில் டிக்கெட்டின் பின்பக்கம், ரயில் ஆட்டத்தில் கோணலான ஒரு பல், நான்கு புள்ளி. கன்னப் பக்கம், அண்ணப் பக்கம் இரண்டும் எழுதியிருந்தாள். நான்காவது புள்ளியை முதலாவது எம்.பி. வாசலிலிருந்து கன்னப் பக்கமாகத் தள்ளி வைத்திருந்தாள். அது அண்ணப் பக்கமாகத்தான் தள்ளியிருக்கும்.

"எவ்வளவு உறுதி?" என்று திருப்பிக் கேட்டேன்.